சங்கு குளிப்போர் கையில் கடிகாரம் ஏறுவது எப்போது?

தூத்துக்குடி கடலில் சங்கு குளிப்பவர்களுக்கு சுறாவை விடப் பெரிய எமன் ஒன்று உண்டு. அது அவர்கள் இழுக்கும் மூச்சுக் காற்றேதான்!

முன்பு மூச்சை அடக்கிக் கொண்டு மூழ்கினார்கள். பிறகு படகில் கம்ப்ரசர் வந்தது. குழாய் வழியாகக் காற்று போவதால் நெடுநேரம் அடியில் இருக்கலாம். சங்கு கூடுதலாகக் கிடைக்கும். ஆபத்தும் கூடவே வரும்.

கோலி சோடா மாதிரி

20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், மேலே இருப்பதைப் போல 3 மடங்கு. காற்றில் உள்ள நைட்ரஜன் அப்போது ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. மெல்ல ஏறினால் மூச்சு வழியே போய்விடும். விர்ரென்று ஏறினால்? சோடாவின் கோலியைத் தட்டின கதைதான். உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலிக்கும். முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் விழுந்துவிடும். உயிர் போவதும் உண்டு.

எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எங்கே நின்று ஏறுவது என்று 1908-லேயே ஹால்டேன் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்த மாதிரிக் கணக்கை இன்று கையில் கட்டும் கருவியே போடுகிறது. வேகமாக ஏறினால் சத்தம் போட்டு எச்சரிக்கும்.

ஆனால் குமிழி கிளம்பிவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. குமிழியையே கண்டுபிடிக்கும் கருவியை உடம்பில் கட்டும் அளவுக்குச் சிறிதாக்க ஆராய்ச்சி நடக்கிறது. நல்லது, வரட்டும். அதுவரை சும்மா இருப்பதா?

மீன் வேடிக்கை பார்க்க இறங்கும் சுற்றுலாக்காரர் கையில் கடிகாரம் மின்னுகிறது. வயிற்றுப் பாட்டுக்கு இறங்குபவர் கை வெறுங்கையா?

ஆளுக்கு ஒன்று

படகு உரிமையாளர், சங்கு வியாபாரி, அரசு மூவரும் செலவைப் பகிர்ந்து கொள்ளலாம். படகுக்கு ஒன்று என்று கணக்கை முடிக்கக் கூடாது. ஒருவர் உடம்பில் ஏறிய நைட்ரஜன் கணக்கு இன்னொருவருக்கு உதவாது. பயன்படுத்தும் முறையையும் தமிழில் சொல்லித்தர வேண்டும்.

கடிகாரம் மட்டும் போதாது. படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டும். அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி எது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் சரியாகக் காட்டினாலும் குமிழி இருக்கலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் மறுபடி இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

ஒவ்வொரு சங்குக்கும் விலைக் கணக்கு இருக்கிறது. எடுத்து வருகிறவர் மூச்சுக்கும் ஒரு கணக்கு வேண்டாமா?