லீவுக்கு வந்த விருந்தாளி

பள்ளிக்கூடங்கள் மூடியாயிற்று. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ அண்ணன் பிள்ளையோ தங்கை பெண்ணோ சென்னைக்கு வந்து இறங்கும் காலம் இது. வந்து இரண்டு நாள் கூச்சமாக இருக்கும். மூன்றாம் நாள், "அத்தை, எங்கேயாவது அழைச்சுண்டு போறியா?" என்று புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

உடனே வீட்டில் ஒரு மாநாடு கூடும். வண்டலூர் மிருகக்காட்சி சாலைதான் என்பார் வீட்டுக்காரர். கபாலி கோயிலை விட்டுவிட்டால் எப்படி என்பார் மாமியார். புதிதாக வந்திருக்கும் பெரிய கடைக்குத்தான் போக வேண்டும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கூச்சலிடும். யார் மனமும் கோணக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிடுவோம். இருட்டிய பிறகு வீடு திரும்பும்போது குழந்தைக்குக் கால்வலி, நமக்குத் தலைவலி. "மெட்ராஸில் என்னடா பார்த்தாய்?" என்று ஊரில் அதன் அம்மா கேட்டால், "ஒரே வெயில் அம்மா" என்று பதில் வரும்!

சகோதரிகளுக்கு இந்த வாரம் என் யோசனை இதுதான்: வந்த குழந்தையை ஒரு நாளாவது தனியாக அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பிள்ளைகளை அன்று பாட்டியிடம் விட்டுவிடுங்கள். அவர்களுக்கு வேறொரு நாள் முறை வைத்தால் போயிற்று. காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம். அதற்கு மேல் வேண்டாம்.

வடபழனி, அசோக் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூர் மியூசியம் சௌகரியம். மெட்ரோ ரயிலில் ஏறினால் நேரே எழும்பூரில் இறங்கலாம். மெட்ரோ இல்லாத ஊரிலிருந்து வரும் குழந்தைக்கு அந்தப் பிரயாணமே பாதி வேடிக்கை. வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த வண்டி, கோயம்பேடு தாண்டியதும் பூமிக்குள் இறங்கிவிடும். அதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். குழந்தையின் முகத்தை மட்டும் பாருங்கள். டிக்கெட்டைக் காட்டி வாசல் கதவைத் திறக்கும் உத்தியோகத்தையும் குழந்தைக்கே கொடுத்துவிடுங்கள்.

மியூசியம் 1851-இல் ஏற்பட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களிலும் எந்தக் கூடங்கள் திறந்திருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. உள்ளே போனதும் எல்லாப் பலகைகளையும் படித்துக் காட்டிப் பாடம் நடத்த வேண்டாம். மூன்று பொருள்களைப் பார்த்தால் போதும். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம்வரை குழந்தை தன் காலடியால் அளக்கட்டும். வெண்கலச் சிலைகளில் திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கிறார். "இந்தச் சாமிக்கு எத்தனை கை, எண்ணிப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று என்று எண்ணிவிட்டு, ஏன் மூன்று என்று குழந்தையே கேட்கும். ஒரு பாதி சிவன், ஒரு பாதி அம்பாள். சிவன் பக்கம் இரண்டு கை, அம்பாள் பக்கம் ஒன்று. மூன்றாவது பொருளைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அது மூலையில் இருக்கும் ஏதோ ஒரு பழைய கத்தியாக இருந்தாலும் ஆட்சேபிக்காதீர்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் சித்திரை வெயிலில் அலைவது உடம்புக்காகாது. வீடு திரும்பி, மோர் சாதம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம். நாலரை மணிக்கு மேல் கடற்கரைக்குக் கிளம்பலாம்.

திருவல்லிக்கேணிக் கடற்கரை எதிரில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்தை முதலில் காட்டுங்கள். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய வீடு. குழந்தைக்குச் சொல்ல அதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது. 1842-இல் அந்தக் கட்டிடத்தைக் கட்டியது ஐஸ்கட்டி வைப்பதற்காக! அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றினார்கள். அப்போது சூயஸ் கால்வாய் வெட்டப்படவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பிரயாணம் செய்து அந்த ஐஸ் இங்கே வந்தது. "வழியில் உருகிடாதா அத்தை?" என்று குழந்தை கேட்கும். கொஞ்சம் உருகத்தான் செய்தது; மீதியை நல்ல விலைக்கு விற்றார்கள். இந்தக் கதைக்குப் பிறகு ஓர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்காமல் தப்ப முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மணலில் கால் வைத்ததும் 100 ரூபாயைக் குழந்தையின் கையில் கொடுத்து, "இது உன்னுடையது. இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். சுண்டலா, மிளகாய் பஜ்ஜியா, பலூன் சுடுவதா, ராட்டினமா? கணக்குப் பரீட்சையில் திணறும் குழந்தைகூட இங்கே மனக்கணக்கில் புலியாகிவிடும். ஊரில் இருக்கும் தங்கைக்கு ஒரு சோழி மாலை வாங்கப் பணம் மிச்சம் பிடித்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். மெரீனா அலை பொல்லாதது. கரையோரம் நின்றாலும் குழந்தையின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும். குளிக்க இறங்கவே கூடாது. உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

அலை பார்த்து உட்காரும்போது உங்கள் போன் கைப்பைக்குள்ளேயே இருக்கட்டும். மார்க்கு எத்தனை என்று கேட்காதீர்கள். அப்பா அம்மாவைப் பற்றித் துருவாதீர்கள். சும்மா உட்கார்ந்திருங்கள். பத்துப் பேர் நடுவில் வாய் திறக்காத குழந்தை, சுண்டல் பொட்டலம் பாதி காலியானதும் தானாகப் பேச ஆரம்பிக்கும். புதிதாகத் தம்பி பிறந்த பிறகு அம்மா தன்னோடு பேசுவதே இல்லை என்று சொல்லும். துபாயில் இருக்கும் அப்பாவின் குரல் போனில் வேறு மாதிரி இருக்கிறதென்று சொல்லும். வகுப்பில் யாரும் தன் பக்கத்தில் உட்காருவதில்லை என்று சொல்லும். வீட்டுக் கூடத்தில் இந்தப் பேச்சு வராது.

அப்படிச் சொன்னால் உடனே உபதேசம் செய்ய வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள், தோளில் ஒரு கை போடுங்கள். அன்றிரவே அண்ணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தும் விடாதீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டால் அந்தக் குழந்தை மறுபடி உங்களிடம் எதுவும் சொல்லாது. அடி, பயமுறுத்தல், யாராவது தகாத முறையில் தொட்டது போன்ற விஷயமானால் மாத்திரம் தாமதிக்காமல் உரிய பெரியவர்களிடம் சொல்லியே தீர வேண்டும். அப்போதும், "இதை நான் சொல்லத்தான் வேண்டும் கண்ணா. உன் பக்கம் நான் இருக்கிறேன்" என்று குழந்தையிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

நம் காலத்தில் சித்தி, அத்தை, மாமி எல்லாரும் அடுத்த தெருவில் இருந்தார்கள். அம்மா கோபித்துக்கொண்டால் அத்தை வீட்டுத் திண்ணை இருந்தது. இன்று அத்தை என்பவள் போன் திரையில் தீபாவளிக்குத் தெரியும் ஒரு முகம். பதினைந்து, பதினாறு வயதில் பெற்றவர்களிடம் சொல்ல முடியாத சங்கடம் ஒன்று வரும்போது அந்தக் குழந்தை யாரைத் தேடிப் போகும்? உங்களைத் தேடி வர வேண்டுமானால், ஒன்பது வயதில் உங்களோடு கடற்கரை மணலில் ஒரு மாலை உட்கார்ந்திருக்க வேண்டும்.

லீவு முடிய இன்னும் நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமையை மட்டும் தவிர்த்து, காலண்டரில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்.