என் மேசை இழுப்பறை

மூன்று மாதம் முன்பு எங்கள் வார்டின் ஸ்டோர் ரூமை ஒழித்துச் சுத்தம் பண்ணினோம். லண்டனில் குழந்தைகள் வார்டு நர்ஸுக்கு அதுவும் ஒரு வேலை. அப்படியே மேசை இழுப்பறைகளையும் திறந்தோம். ஒன்றில், கையுறைப் பெட்டிக்குப் பின்னால், நாற்பது கேனுலா. கைக்குழந்தைகளுக்குப் போடுகிற மஞ்சள் நிற 24 கேஜ். உறை பிரிக்கவில்லை. எல்லாம் காலாவதி.

ஒளித்து வைத்தது யாரென்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் கையைத் தூக்கியிருக்கணும்.

ஒரு ராத்திரி அந்த அளவு தீர்ந்துபோய், பக்கத்து வார்டுக்கு ஓடினேன். அழுகிற குழந்தையை அணைத்தபடி அந்த அம்மா பார்த்த பார்வை மறக்கவில்லை. அன்றிலிருந்து ஷிப்டுக்கு ரெண்டு எடுத்துப் பதுக்கினேன். மற்றவர்களும் அப்படித்தான். ஸ்டோர் காலியாகும், புது ஆர்டர் போகும், இழுப்பறையில் பழசு வீணாகும்.

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பாவிடம் போனில் புலம்பினேன். "கிடைக்காதோங்கிற பயம் இருந்தா பதுக்கலும் இருக்கும்மா," என்றார். அங்கே 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், பிராண்ட் பெயர் பார்க்காமல் மருந்தின் பொதுப்பெயரில் கொள்முதல், மாவட்டக் கிடங்கு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு பாஸ்புக். "பேங்க் புக் மாதிரிதான். எடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு கண்ணுக்குத் தெரியும். எதுக்கு ஒளிக்கணும்?"

நாங்கள் செய்தது அதைவிடச் சின்ன விஷயம். ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு டப்பா. முன் டப்பா காலியானால் அதன் அட்டை ஸ்டோருக்குப் போகும். அது நிரம்பி வரும்வரை பின் டப்பா. புதுசு பின்னால், சீக்கிரம் காலாவதியாவது முன்னால்.

வீட்டுக்கு வந்து மருந்து அலமாரியைத் திறந்தேன். மூணு பாரசிட்டமால் சிரப், ரெண்டு தேதி தாண்டியவை. பிள்ளைக்கு நடுராத்திரி ஜுரம் வந்துடுமோ என்கிற அதே பயம்தான். உங்க வீட்டிலும் ஒருதரம் பாருங்க. ஒன்று கையில், ஒன்று இருப்பில் போதும்.

முதல் வாரம் பழக்க தோஷத்தில் ரெண்டு கேனுலாவை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஷிப்ட் முடியுமுன் நானே எடுத்துப்போய் டப்பாவில் வைத்தேன்.