கெடிலக் கரையே சைக்கிள் பாதை

மோட்டார் வாகனங்கள் குறுக்கிடாத நெடுந்தூரச் சைக்கிள் பாதைகள் உலகில் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் அமைந்திருக்கின்றன. ஒன்று, கைவிடப்பட்ட ரயில் தடம். மற்றொன்று, ஆற்றங்கரை. ஸ்பெயினில் 1993இல் தொடங்கிய ‘பசுமை வழிகள்’ திட்டம், ரயில் ஓடாத தடங்களைச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஒதுக்கி இன்று 3,000 கி.மீ.க்கும் மேல் நீண்டுவிட்டது. அந்நாட்டின் வடகோடியில் மலையும் கடலும் நெருங்கிக் கிடக்கும் அஸ்தூரியாஸ் பகுதியில், சுரங்க ரயில் ஓடிய தடத்தில் இப்போது குடும்பம் குடும்பமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆஸ்திரியாவில் டான்யூப் ஆற்றுப் படகுகளைக் குதிரை பூட்டி இழுத்துச் சென்ற கரைதான் பிறகு சைக்கிள் பாதை ஆனது.

இரண்டு இடங்களுக்கும் பொதுவானது சாய்வு. ரயில் எஞ்சின் செங்குத்தாக ஏறாது. அதனால் தடம் 100 மீட்டர் தொலைவுக்கு இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் பொதுவாக உயர்வதில்லை. ஆறோ, தான் போகும் வழியில் எங்கும் மேலே ஏறுவதே இல்லை. கியர் இல்லாத சைக்கிளில், பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

தமிழ்நாட்டில் ரயில் தடம் இதற்கு உதவாது. மீட்டர் கேஜ் பாதைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே அகலப்பாதைகளாகிவிட்டன. 1964 டிசம்பர் புயல் கொண்டுபோன தனுஷ்கோடித் தடம் போன்றவை விதிவிலக்கு. மிஞ்சுவது ஆற்றங்கரைதான். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் அப்படியொரு பயணத்துக்குக் கல்வராயன் மலைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட நிலம் மிகவும் பொருத்தமானது. அதன் நடுவே, கெடிலம் ஆற்றை ஒட்டி இருக்கிறது திருநாவலூர்.

இப்போதுள்ள சாலைகளில் இந்தப் பயணம் சாத்தியமா என்று கேட்டால், உயிரைப் பணயம் வைத்தால் சாத்தியம். கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வழியாக உளுந்தூர்பேட்டைக்கு வரும் சேலம் நெடுஞ்சாலை, ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகள் நெடுங்காலம் இருவழியாகவே விடப்பட்டதால் விபத்துக்குப் பேர்போனது. உளுந்தூர்பேட்டையில் அது சேரும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்து மாவட்டச் சாலைகளில் வேகம் குறைவு. ஆனால் அரைவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் வந்துவிடும். இரண்டு பக்கமும் பிதுங்கிய கரும்புக்கட்டு, பின்னால் விளக்கில்லாத டிரெய்லர், எதிரே பேருந்து. சைக்கிள்காரர் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையே களமாகிவிடுவதும் உண்டு. உளுந்துச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் பரப்பி வைத்து, போகிற வண்டிகளின் சக்கரத்தில் அடித்துக்கொள்வது இந்த வட்டாரத்து வழக்கம். லாரிக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிள் டயருக்கு வழுக்கும்.

ஆற்றுக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மையனூர் அருகே தொடங்கும் கெடிலம், திருநாவலூர், திருவதிகை, திருவந்திபுரம், திருப்பாதிரிப்புலியூர் ஆகிய தலங்களைத் தொட்டுக்கொண்டு போய், புனித டேவிட் கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்தின் அருகில் கடலில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 110 கி.மீ. சிறிய ஆறுதான். ஆனால் சுந்தரர் பிறந்தது இதன் கரையில். அப்பர் பிறந்த திருவாமூர் இதற்கு அருகில். அவர் சைவத்துக்குத் திரும்பியது திருவதிகையில். பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன், 949இல் தக்கோலத்தில் மடிவதற்கு முன், படையோடு தங்கியிருந்ததும் திருநாவலூர் வட்டாரத்தில்தான். புலவர் சுந்தர சண்முகனார் ‘கெடிலக்கரை நாகரிகம்’ என்று ஒரு நூலே எழுதும் அளவுக்கு இந்தச் சின்ன ஆற்றிடம் சரக்கு இருக்கிறது. கேரளமோ ராஜஸ்தானமோ இதில் பாதி கிடைத்திருந்தாலும் எப்போதோ விளம்பரப் பலகை வைத்திருக்கும்.

பாதை அமைப்பவர் கண்ணில் படவேண்டியது வேறொன்று. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் விழுப்புரம் – விருத்தாசலம் ரயில்பாதையும் இங்கே வடக்கு தெற்காக ஓடுகின்றன. கெடிலம் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ஆக, சாலையும் ரயிலும் ஆற்றைப் பாலத்தின் மேல் கடக்கின்றன. பாலத்தின் கடைசிக் கண்ணுக்கு அடியில் கரையோடு ஒரு தளம் போட்டால் போதும். தண்ணீர் இல்லாத மாதங்களில் சைக்கிள் நெடுஞ்சாலையைத் தொடாமலேயே மறுபக்கம் போய்விடும். ஐரோப்பிய ஆற்றங்கரைப் பாதைகள் பலவும் நகரங்களைக் கடப்பது இப்படித்தான்.

இன்றைய கரை எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில இடங்களில் டிராக்டர் போகும் அகலத்துக்குக் கிராவல் அடித்த நல்ல கரை உண்டு. சில இடங்களில் அது வயலோடு கரைந்து வரப்பாகிவிட்டது. மணல் வண்டிகள் ஏறி இறங்கிய வழிகளில் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத்தடம். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை சீமைக்கருவேலம். அதன் காய்ந்த முள் புழுதிக்குள் மல்லாந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. டயரைத் துளைத்து டியூபுக்குள் முனை ஒடிந்து நின்றுகொள்ளும். பஞ்சர் ஒட்டுகிறவர் டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி அந்த முனையைப் பிடுங்காமல் விட்டால், ஒரு கி.மீ. போவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிடும். ஆகவே கெடிலக்கரைப் பாதைக்கான முதல் செலவு தார் அன்று. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பதும், எடுத்த இடத்தில் பனையும் புங்கனும் நடுவதும்தான்.

வெள்ளம் இரண்டாவது கேள்வி. கெடிலம் ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடந்தாலும், தென்பெண்ணையில் வெள்ளம் வந்தால் மலட்டாறு வழியாக அந்த நீர் இதிலும் வந்து சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறக்கப்பட்டது. அரசூர் அருகே நெடுஞ்சாலை மீதே தண்ணீர் புரண்டு, சென்னை – திருச்சிப் போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் கரையில் போட்ட கான்கிரீட் தளம் பெயர்ந்துபோகும். கிராவல் கரைந்தால் மறுபடி கொட்டிக்கொள்ளலாம். தென்கொரியா 2012இல் இஞ்சியோனிலிருந்து பூசான் வரை 633 கி.மீ.க்கு ஆற்றங்கரைச் சைக்கிள் வழி அமைத்தது. ஓட்டுவதற்கு அருமையான பாதை. ஆனால், ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகளை வரிசையாகக் கட்டி நீரோட்டத்தை முடக்கியதாகக் கடும் விமர்சனத்துக்கு உள்ளான திட்டத்தின் அலங்காரமாக அது வந்தது. கெடிலத்துக்கு அந்த முன்மாதிரி வேண்டாம். ஆற்றை அழகுபடுத்துகிறோம் என்று சிமெண்ட் பூசும் ஆசை நம் நகராட்சிகளுக்கு ஏற்கெனவே அதிகம்.

மலைப்பகுதியில் நியாயம் வேறு. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி; சுமார் 1,095 சதுர கி.மீ. பரப்பில், 2,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் விரிந்திருக்கிறது. கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கி, வட்டத் தலைமையிடமான வெள்ளிமலைக்குப் போகிறது. வண்டிகள் குறைவு, காற்று குளிர்ச்சி. சைக்கிள் பிரியர்களுக்கு இது சொர்க்கமாகத் தெரியலாம். ஆனால் இங்கே வண்டி குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் பேருந்து போதாமை. ஜாகீர்தார்களின் பிடியில் 1970களின் நடுப்பகுதி வரை இருந்த மலை இது. உள்ளே தள்ளியிருக்கும் மலையாளிப் பழங்குடிக் கிராமங்களுக்குச் சரியான சாலை இல்லாததால் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்த செய்திகள் புதியவை அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, சாலையைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் அரசைக் கேட்டது. மலைச்சாலையின் அமைதியைச் சுற்றுலாச் சொத்தாகக் காட்டி, அங்கே ஓட வேண்டிய பேருந்தைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை கிடையாது. மலையில் தனிச் சைக்கிள் பாதை வேண்டியதில்லை. நல்ல சாலையும், சைக்கிளை ஏற்றிச் செல்லும் பேருந்தும் போதும். ஏறும்போது பேருந்து, இறங்கும்போது மிதி.

இந்தப் பயணத்தை மேற்கிலிருந்து கிழக்கே செய்வதுதான் முறை. நிலம் சரிகிறது, ஆனி, ஆடியில் மேல்காற்று முதுகைத் தள்ளும். தை, மாசியில் காலை இதமாக இருக்கும். காற்று மட்டும் எதிரே வரும். கத்திரியில் யாரும் கிளம்பக் கூடாது. பண்ருட்டியை நெருங்கும்போது செம்மண்ணும் முந்திரித் தோப்பும் தொடங்கிவிடுவதால் வெயிலுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். பருவத்தில் பலாச்சுளைக்கும் பஞ்சமில்லை.

யாருக்காக இந்தப் பாதை? வெளியூரிலிருந்து விலை உயர்ந்த சைக்கிளில் வருகிறவர்களுக்கு மட்டும் என்றால் அரசு ஒரு ரூபாய்கூடச் செலவிடத் தேவையில்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம் இந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு சைக்கிளைச் சேர்த்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் டிராக்டருக்கும் லாரிக்கும் நடுவேதான் பள்ளிக்குப் போகிறார்கள். சைக்கிள் தடங்களுக்கான இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி 1962 முதலே இருக்கிறது. கிராமப்புறத்தில் அதன்படி போட்ட தடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஹைதராபாத் 2023இல் வெளிவட்டச் சாலையோரம் சூரியத் தகட்டுக் கூரையோடு 23 கி.மீ. தடம் அமைத்தது. கெடிலக் கரைக்குக் கூரை எதற்கு? மரம் போதும். முந்திரி உடைக்கப் போகும் பெண்களும் பால்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தினம் ஓட்டும் பாதையில்தான் முள் மண்டாது, இரவில் பயம் இருக்காது, ஓரத்தில் டீக்கடையும் பஞ்சர் கடையும் நிலைக்கும். பயணிகள் அதன் பிறகு தாமாக வருவார்கள்.

மலை முதல் கடல் வரை ஒரே மூச்சில் திட்டம் போட்டால் அது கோப்பிலேயே கிடக்கும். திருநாவலூரிலிருந்து திருவதிகை வரையிலான கரையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வெள்ளத் தடுப்புக்காக அந்தக் கரையை எப்படியும் பலப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கான மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே கரையின் மேல் இரண்டு மீட்டர் அகலக் கிராவல் தளத்தையும், லாரியும் டிராக்டரும் ஏறாதபடி தடுப்புக் கற்களையும் நீர்வளத் துறை சேர்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்ட நிர்வாகங்கள் இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் அது நடக்கும்.