வியாழன் ராத்திரி ‘தி விஸ்’: கேலி பண்றதுக்குன்னு உக்காராதீங்க



வர்ற வியாழக்கிழமை, 2015 டிசம்பர் 3, ராத்திரி 8 மணிக்கு என்பிசியில் ‘தி விஸ்’ இசை நாடகம் நேரலையாக வருகிறது. லாங் ஐலண்டில் பெத்பேஜ் என்ற ஊரில் உள்ள ஸ்டுடியோவில் நடிப்பார்கள். கிழக்குக் கரையில் அதே நொடியில் நாம் பார்ப்போம். (மேற்குக் கரைத் தோழர்களுக்கு மூணு மணி நேரம் தள்ளித்தான். எப்பவும் போல.) நம்ம மடலில் இதுக்கு என்ன வேலைன்னு சிலர் கேப்பீங்க. சிகாகோ பத்தி எரியும்போது பாட்டும் கூத்துமா என்று. இருங்க, சிகாகோவுக்கும் வர்றேன்.

நாடக ரசிகர்கள் இந்த மாதிரி ஒளிபரப்புக்காக ஒரு வருஷம் காத்துக் கிடப்பார்கள். யாருக்கு எந்த வேடம் என்று அறிவிப்பு வந்த நாளிலேயே சண்டை ஆரம்பிக்கும். எந்தப் பாட்டை வெட்டப் போறான், எதுக்குச் சுதியைக் குறைக்கப் போறான், 1975 மேடை வடிவத்தை எடுப்பானா, 1978 சினிமாவிலிருந்து திருடுவானா. காத்திருப்பில் பாதி ஆசை, பாதி கத்தி தீட்டல். ரெண்டு வருஷமா கத்தி தீட்டல்தான் ஜாஸ்தி.

2013 டிசம்பரில் இதே என்பிசி ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தை நேரலையாகப் போட்டது. கன்ட்ரி பாடகி கேரி அண்டர்வுட் நாயகி. 1 கோடியே 86 லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஒரு பெருங்கூட்டம் கையில் போனை வைத்துக்கொண்டு, அந்தப் பொண்ணு வாய் திறந்த ஒவ்வொரு வசனத்தையும் கிழித்துத் தொங்கவிட்டது. அடுத்த வருஷம் ‘பீட்டர் பேன்’. சுமார் 92 லட்சம் பேர், அதாவது பாதி. நாடகத்தை ரசிக்கிறவர்களே வெறுத்துக்கொண்டு பார்ப்பதை ஒரு விளையாட்டாக்கி விட்டார்கள். இந்த வியாழனுக்கும் கூட்டம் கூட்டமாகத் தயாராகிறார்கள்.

எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. சொன்னா கோவிச்சுக்குவாங்க, ஆனா இதில் வர்க்கம் இருக்கு.

“இதெல்லாம் ஒரு நடிப்பா, மேடையில் பாத்திருக்கணும்” என்று சொல்ல யாரால் முடியும்? மேடையில் பார்த்தவர்களால். பிராட்வேயில் ஒரு டிக்கெட் இன்று சராசரியாக 100 டாலருக்கு மேல். அங்கே போகிறவர்களின் சராசரிக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2,00,000 டாலருக்கு மேல் என்று பிராட்வே முதலாளிகளின் சங்கமே கணக்குச் சொல்கிறது. 2014-15 பருவத்தில் பத்தில் எட்டுப் பேர் வெள்ளையர். 2015 ஆகஸ்டில் ‘ஹாமில்டன்’ ஆரம்பித்ததிலிருந்து 46-ஆம் தெருவில் கூட்டத்தைப் பார்த்தோம். 10 டாலர் குலுக்கல் சீட்டுக்காக வாசலில் நின்று, பெயர் விழாமல் திரும்பிப் போன பிள்ளைகள்தான் அந்த நாடகத்தின் உண்மையான ரசிகர்கள். உள்ளே இருப்பவர்கள் அதை வாங்க முடிந்தவர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ‘தி விஸ்’ 1975 ஜனவரி முதல் 1979 ஜனவரி வரை நான்கு வருஷம் பிராட்வேயில் ஓடியது. மொத்தம் 1,672 காட்சிகள். ஒவ்வொரு காட்சிக்கும் அரங்கம் நிரம்பியிருந்தாலும் முப்பது லட்சம் பேரைத் தாண்டியிருக்காது. தோல்வி என்று எல்லாரும் சிரித்த ‘பீட்டர் பேன்’ ஒரே ராத்திரியில் அதைப் போல மூணு மடங்கு பேர் வீட்டுக்குள் போயிருக்கு.

தொலைக்காட்சிக்கும் ‘தி விஸ்’ஸுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அதைத்தான் இந்த ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். ‘தி விஸார்ட் ஆஃப் ஆஸ்’ கதையை முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து, சோல், காஸ்பல், ஃபங்க் இசையில் சொன்ன நாடகம் இது. பாட்டும் இசையும் பெரும்பாலும் சார்லி ஸ்மால்ஸ். டிரினிடாடில் பிறந்த ஜெஃப்ரி ஹோல்டர் இயக்கம், உடைகள் இரண்டும். முதல் காட்சி அன்றே மூடும் அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். கையில் காசில்லை. விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போது போட்ட ஒரு தொலைக்காட்சி விளம்பரமும், கறுப்பின தேவாலயங்களில் வாய்வழியாகப் பரவிய செய்தியும் சேர்ந்து அரங்கத்தை நிரப்பின. அந்த வருஷம் ஏழு டோனி விருதுகள். ஹோல்டர் வாங்கிய இரண்டு விருதுகளையும் அதற்கு முன் எந்தக் கறுப்பின ஆணும் வாங்கியதில்லை. பெரிய பத்திரிகையின் நாடகப் பக்கம் கைவிட்டதை டிவி பெட்டியும் சர்ச் பஸ்ஸும் காப்பாத்தின கதை இது.

என்கூட வேலை செய்யிற ஒரு அக்கா, நூவர்க்காரர், அந்த பஸ்ஸில் போனவர். பத்து வயசாம். சர்ச்சிலிருந்து கூட்டிப் போனாங்களாம், மேல் பால்கனியில் கடைசி வரிசை. மேடையில் ஒருத்தர் முகமும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் எல்லாம் நம்ம ஆளுங்கன்னு மட்டும் தெரிஞ்சுது என்றார். இந்த வியாழன் ஷிஃப்ட் மாத்திக்கொண்டிருக்கிறார். மூணு வாரம் முன்னாடியே கேட்டு வாங்கினார், அதுவும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து. இவரிடம் போய் யாராவது “அந்த டோரதி இரண்டாம் பாட்டில் சுதி விட்டாள்” என்று சொல்லிப் பார்க்கட்டும்.

டோரதியாக வருகிற ஷானிஸ் வில்லியம்ஸுக்கு 19 வயது, நம்ம நியூ ஜெர்சி ராவே ஊர்ப் பொண்ணு. யார் வேணா வரலாம் என்று வைத்த தேர்வில் வரிசையில் நின்று கிடைத்த வேடம். 1975-இல் அதே டோரதியாக நடித்த ஸ்டெஃபனி மில்ஸ் இப்போது எம் அத்தையாக வருகிறார். அவரும் அன்றைக்குப் பதின்வயதுப் பிள்ளைதான். விஸ் வேடத்தில் குயின் லத்தீஃபா. அதுவரை ஆண்கள் நடித்த வேடம். 1975-இல் ஆந்த்ரே டி ஷீல்ட்ஸ், சினிமாவில் ரிச்சர்ட் ப்ரையர். இயக்குநர் கென்னி லியான், லொரேன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தை இரண்டு முறை பிராட்வேக்குக் கொண்டுபோனவர். அதற்கு 2014-இல் டோனியும் வாங்கினார். இந்த வரிசையைப் பார்த்தால் ஏதோ அவசரத்துக்கு டிவி நட்சத்திரங்களைப் பொறுக்கிப் போட்ட மாதிரி தெரியவில்லை.

ஆஸ் கதையின் மூலத்தைப் பற்றியும் சொல்லணும். 1900-இல் அதை எழுதிய எல். ஃப்ராங்க் பாம், அதற்குப் பத்து வருஷம் முன் டகோட்டாவில் ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார். 1890 டிசம்பரில் சிட்டிங் புல் கொல்லப்பட்ட நேரத்திலும், அடுத்து வூண்டட் நீ படுகொலைக்குப் பிறகும், பூர்வகுடி மக்களை முழுக்க அழித்துவிட வேண்டும் என்று அவர் தலையங்கம் எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கு மரகத நகரம் கட்டிக் கொடுத்த அதே கை. அந்தக் கதையைக் கறுப்பினக் கலைஞர்கள் பிடுங்கித் தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அவர்கள் கையில் வந்த பிறகு கதையின் நடுவே என்ன நடக்குது பாருங்க. எவிலீன் என்ற சூனியக்காரி விங்கிகளை அடிமை வேலை வாங்குகிறாள். 1978 சினிமாவில் அது அப்பட்டமாகவே ஒரு தையல் கொட்டடி. அவள் செத்த மறுநிமிஷம் தொழிலாளிகள் எழுந்து ஆடுகிற பாட்டை எழுதியவர் லூதர் வேன்ட்ராஸ், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, யாருக்கும் தெரியாத பையன். வியாழக்கிழமை மேரி ஜே. ப்ளைஜ்தான் எவிலீன். அந்தப் பாட்டு வரும்போது டீ போடப் போயிடாதீங்க.

இப்ப சிகாகோ. 2015 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை, லாக்வான் மெக்டொனால்ட் கொலையின் வீடியோவை வெளியிட வைத்தார்கள். 17 வயதுப் பையன், 16 குண்டுகள். நடந்தது 2014 அக்டோபரில். ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைத்துவிட்டு, வீடியோ வெளிவரும் நாளில்தான் அந்தப் போலீஸ்காரர் மேல் கொலைக் குற்றச்சாட்டு. அதற்கு முந்தைய நாள் ராத்திரி மினியாபொலிஸில், ஜமார் கிளார்க்குக்காக நான்காவது காவல் நிலையத்தின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, ஐந்து பேருக்குக் காயம். வெள்ளிக்கிழமை, அதாவது கறுப்பு வெள்ளி தள்ளுபடி நாளில், சிகாகோ மிஷிகன் அவென்யூவில் ஊர்வலம் போய்ப் பெரிய கடைகளின் வாசலை மறித்தார்கள். காரணம் எல்லாருக்கும் புரிந்தது. இந்த நாட்டில் கடையை மறிச்சாத்தான் காது கேக்கும்.

இந்த நேரலை நாடகங்கள் ஏன் டிசம்பரில் வருகின்றன என்பதும் அதே கடை சமாச்சாரம்தான். பதிவு செய்து பிறகு பார்க்கிறவர்கள் விளம்பரத்தைத் தாண்டி ஓட்டிவிடுவார்கள். நேரலையை அப்படி ஓட்ட முடியாது, மூணு மணி நேரமும் உட்கார்ந்தாக வேண்டும். பண்டிகை விற்பனைக்கு இதைவிட நல்ல சந்தை எது? என்பிசியின் முதலாளி காம்காஸ்ட். கறுப்பின மக்களின் சந்தோஷத்தை ஒரு ராத்திரி ஒளிபரப்பி, இடையிடையே பொம்மையும் போனும் விற்பார்கள். “அப்புறம் எதுக்கு அதைப் போய்ப் பாக்கணும்?” என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் விளம்பரக்காரன் வாங்கினது நம்ம கண்ணை, அந்த நாடகத்தை இல்லை. அது 1975-லிருந்து வேறொருத்தரின் சொத்து. பள்ளிக்கூட மேடைகளிலும் சர்ச் ஹால்களிலும் நாற்பது வருஷமாக அதை உயிரோடு வைத்திருப்பவர்களின் சொத்து. வீடியோக்களில் தங்கள் பிள்ளைகள் சாவதையே நாள் முழுக்கப் பார்க்கிற மக்கள், ஒரு ராத்திரி அதே திரையில் தங்கள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கட்டுமே. அதைக் கேலி பண்ணும் உரிமை யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அந்த ஆசை வரவில்லை, அவ்வளவுதான்.

நாம் கேட்க வேண்டியது வேறு. ஏன் வருஷத்துக்கு ஒரு ராத்திரி? ஏன் ஒரு கம்பெனி மனசு வைத்தால்தான்? லிங்கன் சென்டரில் உள்ள பொது நூலகத்தில் 1970 முதல் நாடகங்களைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில். ஆய்வுக் காரணம் சொல்லி, அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். இதற்கு நடிகர் சங்கங்களும் இசைக்கலைஞர் சங்கமும் போட்ட நிபந்தனைகளைச் சிலர் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். வேலை செய்தவருக்குக் கூலி தராமல் இலவசமாக ஓட்டுவது சோஷலிசம் இல்லை, திருட்டு. அந்தக் கூலியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, பதிவுகளை எல்லா ஊர் நூலகத்துக்கும் அனுப்பலாம். பிரிட்டனில் நேஷனல் தியேட்டர் 2009-லிருந்து தன் நாடகங்களை சினிமாக் கொட்டகைகளுக்கு நேரலையாக அனுப்புகிறது. அதிலும் டிக்கெட் உண்டுதான், ஆனாலும் லண்டனுக்கு ரயில் பிடிக்க வேண்டியதில்லை.

இந்த நாட்டுக்கும் இது புதுசில்லை. 1935-இல் ரூஸ்வெல்ட் அரசு ஃபெடரல் தியேட்டர் திட்டம் ஆரம்பித்தது, வேலையில்லாத கலைஞர்களுக்குச் சம்பளம், மக்களுக்கு மலிவாகவோ இலவசமாகவோ நாடகம். கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே தனிக் குழுக்கள். 1936-இல் ஹார்லெமில் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘மேக்பெத்’துக்குத் தெருவை அடைத்துக் கூட்டம் வந்தது. அதே வருஷம் அக்டோபரில் சின்க்ளேர் லூயிஸின் பாசிச எதிர்ப்பு நாடகத்தை ஒரே ராத்திரியில் நாட்டின் பல நகரங்களில் சேர்ந்தாற்போல் அரங்கேற்றினார்கள். டிவி இல்லாத காலத்து நேரலைன்னு வச்சுக்குங்களேன். 1939-இல் காங்கிரஸ் பணத்தை நிறுத்தி மூடிவிட்டது. சொன்ன காரணம், உள்ளே கம்யூனிஸ்டுகள் இருக்காங்க. இருந்தாங்க, உண்மைதான்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கேபிள் இல்லாதவர்கள் காம்காஸ்டுக்கு ஒரு காசு கூடக் கொடுக்க வேண்டியதில்லை. என்பிசி காற்றில் இலவசமாக வருது. ஜன்னலில் ஒரு சின்ன ஆன்டெனா மாட்டி, டிவியில் சேனல்களை ஒருமுறை தேட விட்டால் போதும். நியூயார்க், வட ஜெர்சிப் பக்கம் 4-ஆம் எண். பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கு, நாடகம் முடிய பதினொண்ணு ஆகும், மதியமே தூங்க வச்சிருங்க. எடிசன் பக்கம் இருக்கிறவங்க எங்க வீட்டுக்கே வரலாம், ஏழரைக்குச் சாம்பார் சாதம். வர்றவங்க புதன்கிழமைக்குள் இந்த மடலுக்குப் பதில் போடுங்க, அரிசி எவ்வளவு போடணும்னு தெரியணும்.