புதுப் பலகையின் மணமும் பிள்ளைகளின் மூச்சும்

புலம்பெயர்ந்த நாட்டில் புதிய வீட்டிற்குக் குடிபோகும் குடும்பம் முதலில் வாங்குவது பிள்ளைகளின் கட்டில், அலமாரி, படிப்பு மேசை ஆகியவற்றையே. அவற்றிலிருந்து எழும் நெடியைப் 'புதுச்சாமான் வாசனை' என்று மகிழ்வோர் உண்டு. அந்த நெடியில் கலந்திருக்கக்கூடிய ஃபார்மால்டிஹைடு என்னும் வாயுவைப் பற்றி எத்தனை பெற்றோர் அறிவர்?

விலை குறைந்த தளபாடங்கள் பெரும்பாலும் மரத்தூளையும் மரத்துகளையும் பசையிட்டு அழுத்திய பலகைகளால் ஆனவை. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் கலந்த அப்பசை, வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிறிது சிறிதாகச் சிதைந்து வாயுவை வெளியிடுகிறது. நீரில் எளிதில் கரையும் அவ்வாயு கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரமான படலங்களையே முதலில் தாக்குகிறது. கண்ணெரிச்சல், இருமல், தலைவலி தோன்றலாம். ஆஸ்துமா உள்ளோருக்கு மூச்சுத்திணறல் கூடலாம். உடல் எடையோடு ஒப்பிடுகையில் பெரியவர்களை விடக் குழந்தைகள் மிகுதியான காற்றைச் சுவாசிக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

நம் உடலே இப்பொருளைச் சிறிதளவு உண்டாக்கி உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. எனவே பீதி தேவையில்லை. அளவும் காலமுமே தீங்கைத் தீர்மானிக்கின்றன. எனினும் 2004ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என வகைப்படுத்தியது. தொழிற்கூடங்களில் நெடுங்காலம் மிகுதியாகச் சுவாசித்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் அம்முடிவுக்கு முக்கிய ஆதாரமாயின. அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. 2005இல் கத்ரீனா சூறாவளியால் வீடிழந்தோருக்கு அந்நாட்டின் பேரிடர் முகமை டிரெய்லர் வீடுகளை வழங்கியது. 2006இலேயே குடியிருந்தோர் கண்ணெரிச்சலையும் மூச்சுத்தொல்லையையும் முறையிட்டனர். பரிசோதனையைத் தவிர்க்குமாறு முகமையின் வழக்கறிஞர்கள் அறிவுறுத்தியிருந்தமை 2007 ஜூலையில் நாடாளுமன்ற விசாரணையில் அம்பலமானது. பின்னர் 519 வீடுகள் சோதிக்கப்பட்டபோது, சராசரியாக நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. மிக மோசமான வீட்டில் அது 590 பங்கு! கோடைக்கு முன் மக்களை வெளியேற்றுமாறு 2008இல் அரசு மருத்துவ அறிஞர்கள் வலியுறுத்தினர். 2010இல் பலகைகளுக்கான உமிழ்வு வரம்புச் சட்டம் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது.

ஏழை மக்கள் வாய்திறந்து முறையிட்டதன் பயனே நாம் இன்று அனுபவிக்கும் பாதுகாப்பு. ஆனால் நம்மவர் பலர், 'வந்த இடத்தில் எதற்கு வம்பு' என்று வீட்டு உரிமையாளரிடமும் கடைக்காரரிடமும் கேள்வி கேட்கத் தயங்குகின்றனர். இந்தத் தயக்கத்தின் விலையைப் பிள்ளைகளே செலுத்துகின்றனர்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. அமெரிக்காவில் 'டி.எஸ்.சி.ஏ. டைட்டில் சிக்ஸ்' முத்திரையையும் ஐரோப்பாவில் 'ஈ1' தரத்தையும் கேட்டு வாங்குக. அவை வாயு அறவே இல்லை என்பதற்கன்று, வரம்புக்குட்பட்டது என்பதற்கே உறுதி. புதிய தளபாடத்தைப் பிள்ளையின் அறைக்குள் வைக்குமுன் காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் பிரித்து வைக்கலாம். குளிர்காலத்திலும் நாள்தோறும் சிறிது நேரமேனும் சாளரங்களைத் திறக்க வேண்டும். நெடியை மறைக்கச் சாம்பிராணியோ ஊதுபத்தியோ ஏற்றுவது தீர்வாகாது. அவற்றின் புகையிலும் இதே வாயு உண்டு. வாடகை வீட்டில் எரிச்சல் தொடருமாயின் உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவித்து, மருத்துவரையும் நாட வேண்டும்.

அந்நாட்டு மொழியையும் சட்டத்தையும் பெற்றோரினும் நன்கறிந்த இளையோர் இதில் முன்னிற்கலாம். பிள்ளைகளின் எதிர்காலத்திற்காகவே கடல் கடந்தோர், அவர்கள் உறங்கும் அறையின் காற்றைப் பற்றியும் கேள்வி கேட்கட்டும். வருமுன் காப்பதே அறிவுடைமை.