குழந்தை காட்டிய ராயபுரம்

அடுத்த வீட்டு நண்பர் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டு வந்தார். ரோமாபுரியைக் கால்நடையாகவே சுற்றினார்களாம். "என்னடா பார்த்தே?" என்று அவருடைய நாலு வயதுப் பிள்ளையைக் கேட்டேன். "புறா இருந்துது தாத்தா!" என்றான். இரண்டாயிரம் வருஷத்துக் கட்டடங்கள் அவன் கணக்கில் வரவே இல்லை!

லட்ச லட்சமாகச் செலவழித்துப் புறா பார்ப்பானேன்? என் பேத்திக்கும் நாலு வயதுதான். நான் வளர்ந்த ராயபுரத்துக்கே அவளை அழைத்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. முதலில் ரயில்வே ஸ்டேஷன். 1856, ஜூன் 28-ந் தேதி திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போயிற்று. இந்தியாவில் இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. இவ்வளவையும் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது, அவள் தூணைக் கட்டிப் பிடிக்கப் பார்த்துக் கொண்டிருந்தாள். "தூண் ரொம்பக் குண்டு தாத்தா!" என்று சொல்லிவிட்டு, ஒரு பூனைக்குட்டியின் பின்னால் ஓடினாள்.

குழந்தையோடு ஊர் சுற்றுவது பாஸஞ்சர் வண்டிப் பிரயாணம், வாசகர்களே! நூறு அடிக்கு ஒரு முறை வண்டி நிற்கும். எக்ஸ்பிரஸ் அவசரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.

அடுத்தது, படகுக்காரர்கள் 1829-ல் கட்டிய புனித பேதுரு ஆலயம். துறைமுகம் இல்லாத அந்த நாளில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளியே நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தான் கரை சேர்க்கும். ஆணி அடித்த படகு அலையில் மோதி உடைந்து போகும் என்று, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். இதைச் சொன்னதும் பேத்தி நின்றுவிட்டாள். "படகைத் தைப்பாங்களா? சட்டை மாதிரியா?"

பிறகு பார்ஸிக்காரர்களின் அக்கினிக் கோயில். 1910-ல் ஏற்பட்டது. பிறர் உள்ளே போகக் கூடாது, வாசலோடு சரி. உள்ளே இருக்கிற நெருப்பு அணையாதபடி, வேளை தவறாமல் சந்தனக் கட்டை இடுவார்கள் என்றேன். "நெருப்புக்கும் பசிக்குமா தாத்தா?" என்றாள். ரோமாபுரிப் பையன் இதைக் கேட்டிருப்பானா? எனக்கு ஒரே பெருமை!

கடலையும் பார்க்க வேண்டும் என்றாள். அங்கேதான் வந்தது வினை. குறுக்கே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் சாலை. நடைபாதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தரையில் மின்னிய ஒரு சோடா மூடியைப் பொறுக்க, சட்டென்று என் கையை உதறிவிட்டுக் குனிந்தாள். லாரி பிரேக் போட்ட சத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு முழத்தில் தப்பித்தாள்.

துறைமுகம் நமக்குச் சோறு போடுகிறது. லாரி வரத்தான் வேண்டும். நாங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வீடு திரும்பி விட்டோம். ஆனால் அந்தப் பேட்டைப் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கூடம் போக இதைத் தாண்ட வேண்டுமே! ஸ்பெயின் தேசத்தில் பொன்டேவேத்ரா என்று ஓர் ஊர். 1999 முதல் நகரின் நடுப்பகுதியில் கார்களுக்குத் தடை போட்டு, தெருக்களை நடப்பவர்களுக்கே விட்டுவிட்டார்கள். அங்கே சின்னப் பிள்ளைகள் துணையில்லாமலே நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். நம் ஊரில் எல்லாத் தெருவும் அப்படி ஆக வேண்டாம். லாரிச் சாலை ஓரத்தில் ஒரு நல்ல நடைபாதை, தாண்டுவதற்கு ஒரு பத்திரமான இடம் — இது பெரிய ஆசையா?

வீட்டுக்கு வந்ததும், "என்னடி கண்ணு பார்த்தே?" என்று கேட்டாள் அவள் அம்மா.

"தைச்ச படகு, பசிக்கிற நெருப்பு, அப்புறம் பெரிய்ய லாரி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாத்தா கை நடுங்குச்சும்மா" என்றும் சேர்த்துக் கொண்டாள்.