மரநாய்க்குப் பொறி வைக்காதீங்க சாமி!

டிசம்பர் பிறந்தால் போதும், லோத்குண்டா, அல்வால், பொல்லாரம் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். "ராத்திரி மேலே யாரோ ஓடுறாங்க." பேயும் இல்லை, திருடனும் இல்லை மக்களே. மரநாய். தெலுங்கு அக்கம்பக்கத்தில் "புனுகு பில்லி" என்பார்கள். அடுத்த வார்த்தை "போனு பெடதாம் சார்". அதாவது கூண்டுப் பொறி வைக்கலாம் சார்.

வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஜீவகாருண்யம் மட்டும் காரணம் இல்லை. பொறி வைப்பது இந்த இடத்தில் வேலைக்கே ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் பெருமாளுக்குச் சாத்தும் புனுகு வருவது புனுகுப்பூனையிடமிருந்து. அது பெரும்பாலும் தரையில் திரியும். நம் கூரையில் குதிப்பது அதன் சொந்தக்காரன், மரம் ஏறும் மரநாய். எடை 2 முதல் 5 கிலோ, உடம்பு நீளத்துக்குக் கிட்டத்தட்ட வாலும் இருக்கும். நாயும் இல்லை, பூனையும் இல்லை. பழம், எலி, பூச்சி, பனங்கள் எதையும் விடாது. இந்தோனேசியாவில் யானை விலைக்கு விற்கிற லுவாக் காப்பிக்கொட்டை வருவதும் இதன் வயிற்று வழியாகத்தான். (இதைச் சொன்ன நாளிலிருந்து தங்கமணி ஃபில்டர் காப்பியை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.)

கண்டோன்மெண்டை ஒட்டிய பகுதி என்பதால் இங்கே இன்னும் பெரிய மரங்கள் இருக்கின்றன. பழைய வீடுகளில் மாமரமும் சப்போட்டாவும் உண்டு. பக்கத்திலேயே புது அபார்ட்மெண்ட், அதில் ஃபால்ஸ் சீலிங், குழாய் இறங்கும் சந்து. குளிர் ராத்திரியில் பகல் முழுக்கத் தூங்க இதைவிடக் கதகதப்பான இடம் எந்த மரப்பொந்தில் கிடைக்கும்?

பனி நாட்டில் பொறி

குளிர்காலத்தில் பொறி வைத்துப் பிடிப்பதை ஒரு கலையாகவே செய்பவர்கள் கனடாவிலும் அலாஸ்காவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பிடிப்பது மார்ட்டின். கீரிப்பிள்ளை மாதிரி நீண்ட உடம்பு, பஞ்சு மாதிரி ரோமம். அதற்கும் நம் மரநாய்க்கும் குடும்பமே வேறு. ஆனால் மரம் ஏறுவது, ராத்திரி நடமாட்டம், மோப்பத்துக்கு மயங்குவது எல்லாம் ஒன்றுதான்.

ஒரு கம்பை மரத்தில் சாய்த்துக் கட்டுவார்கள். அதில் ஆளின் மார்பளவு உயரத்தில் சதுரச் சட்டப் பொறி. கம்பின் மேல்நுனியில் நீர்நாய் மாதிரியான பீவரின் இறைச்சியோ மீனோ. உயரம் எதற்கு? புதுப் பனி விழுந்தால் பொறி மூடிப்போகக் கூடாது, செத்த உருப்படியின் ரோமத்தை எலி கடித்துவிடவும் கூடாது. கடுங்குளிரில் வாசனை பரவாது என்பதால் ஸ்கங்க் என்னும் பிராணியின் நாற்றத் திரவத்தை வாஸ்லினில் குழைத்துத் தடவுவார்கள். உறையவும் செய்யாது, தூரத்துக்கும் வீசும். தூரத்திலிருந்தே கண்ணில் பட ஒரு பறவையின் சிறகைத் தொங்கவிடுவதும் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கைப் பாருங்கள். குளிர்காலத்தில் மட்டும் பிடிக்கக் காரணம் ரெண்டு. ரோமம் அப்போதுதான் அடர்த்தி. மார்ட்டின் குட்டி போடுவது வசந்தத்தில், ஆகவே குளிர்காலத்தில் தாயை நம்பிக் குட்டி எதுவும் இருக்காது. யார் எந்தக் காட்டில் பொறி வைக்கலாம் என்று பதிவு செய்யும் முறையை பிரிட்டிஷ் கொலம்பியா 1926-லேயே கொண்டுவந்துவிட்டது. காலைக் கவ்வும் இரும்புப் பொறியை ஐரோப்பிய ஒன்றியம் 1995 முதல் தடை செய்தது. பிராணி எவ்வளவு நேரம் துடிக்கலாம் என்பதற்குக் கூட 1997-ல் கனடாவும் ஐரோப்பாவும் ரஷ்யாவும் ஒப்பந்தம் போட்டன. ரோமத்துக்காகக் கொல்கிற தொழிலுக்கே இத்தனை கட்டுப்பாடு.

நம் கூரைக்கு வருவோம். மரநாய்க்கு இன்ன மாதம்தான் குட்டி போட வேண்டும் என்ற கணக்கே கிடையாது. வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் ரெண்டு முதல் ஐந்து குட்டி வரை போடும். போடுவதற்கு அது தேடுகிற இடமே உங்கள் ஃபால்ஸ் சீலிங் மாதிரி ஒரு மறைவிடம்தான். கனிந்த வாழைப்பழத்தைக் கட்டி, கூண்டில் தாயைப் பிடித்துக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டால் மேலே என்ன மிஞ்சும்? நாலு நாள் கழித்து மூக்கு சொல்லும்.

பிடித்து விட்டுவிட்டால் தொல்லை தீருமா?

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஐந்நூறு வசூலித்து, கூண்டு வைத்து ஒன்றைப் பிடித்தார்கள். ராத்திரி முழுக்க அது கம்பியைக் கடித்துக் காலையில் வாயெல்லாம் ரத்தம். கொண்டுபோய் ஊருக்கு வெளியே விட்டார்களாம். மூன்றாவது வாரம் அதே சந்தில் அடுத்த உருப்படி. ஓட்டை அப்படியே, சாய்ந்த மாங்கிளை அப்படியே, மூடாத குப்பைத்தொட்டி அப்படியே. காலி வீடு என்றால் அடுத்த குடித்தனம் வரத்தானே செய்யும்? நாம் இந்த ஊருக்கு வந்ததும் அப்படித்தானே சார் :-)

கொண்டுபோய் விட்ட பிராணியின் கதையும் சுகமில்லை. தெரியாத இடம், அங்கே ஏற்கெனவே எல்லை பிடித்து வைத்திருக்கும் இன்னொரு மரநாய். இதனால்தான் ஒண்டாரியோவில் ரக்கூனைப் பிடித்தால் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே விட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். டொரண்டோ, ஸ்கார்பரோ பக்கம் வீட்டு உச்சியில் ரக்கூன் புகுந்து அவதிப்பட்ட நம் சொந்தங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஜெர்மனி, சுவிஸில் இருப்பவர்களுக்கு அங்குள்ள மார்ட்டினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார் வயரைக் கடித்து வைக்கும், அதற்குத் தனியாக இன்ஷூரன்ஸே உண்டு. ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் 66 கிலோவோல்ட் மின்மாற்றியில் 2016 ஏப்ரலில் இந்த வகைப் பிராணி ஒன்று வாய் வைத்து, உலகத்தின் மிகப் பெரிய துகள் முடுக்கியே நின்றுபோனது. விஞ்ஞானிகளாலேயே முடியவில்லை, நம் அசோசியேஷன் செயலாளர் எம்மாத்திரம்?

சட்டம் என்ன சொல்கிறது

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972. அதில் "வேட்டை" என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் அர்த்தமில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். மரநாய் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதாவது வாழைப்பழத்தைக் கூண்டில் கட்டிய நிமிடமே, மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், நீங்கள் வேட்டைக்காரர். சிறைத் தண்டனை வரை இடம் உண்டு. "எலிப்பொறி வைக்கிறோமே?" என்று கேட்கலாம். எலி அந்தச் சட்டத்திலேயே தொல்லைப் பிராணி என்று தனியாக வைக்கப்பட்டிருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது, ஆனாலும் எலிக்குப் பாதுகாப்பு வரவில்லை. மரநாய்க்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

அப்போ என்னதான் செய்வது?

1. எலியா மரநாயா என்று உறுதி செய்யுங்கள். எலி சுரண்டும், மரநாய் தொம் தொம் என்று குதிக்கும். இருட்டியதும் கிளம்பும், விடிவதற்குள் திரும்பும். ஒரே இடத்தில் எச்சம் போடும், அதில் பழக்கொட்டை இருக்கும்.

2. எந்த ஓட்டை என்று கண்டுபிடியுங்கள். சந்தேகப்பட்ட இடத்தில் மைதா மாவைத் தூவி வைத்தால் காலையில் கால்தடம் காட்டிக் கொடுக்கும்.

3. குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கீச்சுக் குரல் கேட்டால் ரெண்டு மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்ததும் தானே கிளம்பிவிடும்.

4. குட்டி இல்லையென்றால், மேலே ஒரு பல்பும் பழைய ரேடியோவும் நாலு நாள் ஓடட்டும். அதற்கு நிம்மதியான தூக்கம் கிடைக்கக் கூடாது, அம்புட்டுதேன்.

5. ராத்திரி அது வெளியே போனபின் ஓட்டையில் செய்தித்தாளைத் தளர்வாகச் செருகுங்கள். ரெண்டு மூன்று ராத்திரி தாள் கலையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அதன்பின் வெல்டட் மெஷ் அடித்து சிமெண்ட் பூசிவிடுங்கள்.

6. கூரையிலிருந்து ரெண்டு மீட்டருக்குள் வரும் கிளையைக் கழியுங்கள். விழுந்த பழத்தைப் பொறுக்குங்கள், குப்பைத்தொட்டியை மூடுங்கள். எச்சத்தை முகமூடி, கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

7. அடிபட்டதோ, அறைக்குள் மாட்டிக்கொண்டதோ இருந்தால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். நீங்களே கோணிப்பையோடு போகாதீர்கள், கடித்தால் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டி வரும்.

மொத்தச் செலவு ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலியும் கொஞ்சம் கம்பி வலையும். பொறிக்காரருக்கு வருடாவருடம் கொடுப்பதைவிட இது மலிவு.

"தொல்லை இல்லைன்னு சொல்ல வர்றீங்களா?" என்று கேட்பீர்கள். தொல்லைதான். எச்சம் நாறும், சீலிங் கறை படும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பயம் நியாயம். அதனால்தான் ஓட்டையை அடைக்கச் சொல்கிறேன். வெளியே இருக்கும் மரநாயோடு எனக்குச் சண்டை இல்லை. எலியைத் தின்கிறது, அத்தியும் நாவலும் தின்று கொட்டையை ஊரெல்லாம் விதைக்கிறது. லோத்குண்டாவில் மரம் வெட்ட நூறு பேர் இருக்கிறார்கள், நட ஆள் குறைவு. கூலி கேட்காமல் நடுகிற ஒருத்தனைக் கூண்டில் போட்டு ஊரைவிட்டு விரட்டுவானேன்?

டிஸ்கி: நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிஜமான மார்ட்டினே உண்டு. நீலகிரி மார்ட்டின், மஞ்சள் கழுத்துக்காரன், தென்னிந்தியாவில் உள்ள ஒரே மார்ட்டின் இனம். அருகி வருகிறது. கோடை லீவில் ஊர்ப்பக்கம் மலையேறும்போது கண்ணில் பட்டால் படம் மட்டும் எடுங்கள்.